ஞாயிறு நீங்கலாக

திரையில் மூன்றாவது தடவையும் அதே செய்தி வந்தது. சேமிக்க இடம் போதவில்லை. மெல்வின் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து சன்னலுக்கு வந்தான். வெளியே அந்தோணியார்துறையின் மாசி மாதத்துக் கடல் இடத்துக்கு ஒரு குறையும் இல்லாமல் கிடந்தது. கரையேற்றிய வள்ளங்களின் நிழலில் நாய்கள் படுத்திருந்தன. தெற்கே, துறைமுகத்துக்கு வெளியே, ஒரு நிலக்கரிக் கப்பல் நான்கு நாளாக நங்கூரம் போட்டு நின்றது. உள்ளே இடமில்லையாம். அதைப் பார்த்து அவனுக்குச் சிரிப்பு வந்தது. இடமில்லை என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவது அவன் சுபாவம்.

ஊரில் அவனுக்குக் கம்ப்யூட்டர் மெல்வின் என்று பெயர். துறைமுகத்துச் சாலையில் ஒரு சரக்குப்பெட்டக நிறுவனத்தில் பதினோரு வருடம் கணினிப் பிரிவில் இருந்தான். ஒருநாள் அந்தப் பிரிவையே சென்னைக்கு மாற்றியாகிவிட்டது என்று சொல்லி, ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு கடைகளுக்குக் கேமரா மாட்டுவதும் பள்ளிக்கூடங்களில் பிரிண்டரைப் பழுது பார்ப்பதுமாகப் பிழைப்பு. கடற்கரை ஊரில், நாற்பத்திரண்டு வயதில், கடல் தெரியாத ஆம்பளைக்கு என்ன மரியாதை உண்டோ அது அவனுக்கும் இருந்தது. அதாவது கல்யாண வீட்டில் மைக் செட் இரைந்தால் ஆள் விட்டுக் கூப்பிடுவார்கள்.

அவன் இப்போது மல்லுக்கட்டும் கணினிப் பெட்டியைக் கொண்டுவந்தவர் நாட்டுப்படகுச் சங்கத் தலைவர் ரோச். ஏதோ ஒரு வங்கிக் கிளையில் கழித்துப் போட்டது, பழைய இரும்புக்கடையில் சும்மா கிடந்தது என்று தூக்கிவந்துவிட்டார். பிஸ்கட் டப்பா அளவுதான் இருக்கும். உள்ளே ஹார்ட் டிஸ்க் என்று ஒன்றே கிடையாது. இரண்டு ஜிபி என்று பெயர் எழுதி, கைக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம் எம்பியே தரும் ஒரு சில்லு, அவ்வளவுதான். இன்றைக்கு ஒரு பிள்ளையின் முதல் நன்மை விருந்து வீடியோகூட அதில் அடங்காது.

"ஏலே, இதத் தூக்கிப் போட்டவன் கிறுக்கனா, எடுத்துட்டு வந்த நான் கிறுக்கனான்னு நீதான் சொல்லணும்" என்றார் ரோச். "வயர்லெஸ்ல எவனாவது கூப்பிடுத நேரம் பாத்து இங்கன இருக்கவன் டீ குடிக்கப் போயிருதான். கூப்பாடு காத்துல போயிருது. போன சத்தம் அப்படியே இதுல பதியணும். வந்து உக்காந்தவன் ஒரு பட்டன அமுக்கினா கேக்கணும். ஆகுமா?"

"ஆகும் அண்ணாச்சி" என்றான் மெல்வின். ஒரு பென் டிரைவைச் செருகிவிட்டால் அன்று சாயங்காலமே வேலை முடிந்திருக்கும். அது அவனுக்குத் தெரியாததல்ல. உப்புக்காற்றில் மூன்று மாதத்தில் துருப்பிடித்துவிடும் என்று ஒரு காரணம் சொல்லிக்கொண்டான். காரணம் பொய்யில்லை. ஆனால் உண்மையான காரணம் வேறு. இருப்பதை வைத்தே செய்துகாட்ட வேண்டும் என்று அவனுக்கு ஒரு வீம்பு.

நான்கு நாள் அந்த அறையே கதியென்று கிடந்தான். லினக்ஸ் இயங்குதளத்தை அதன் சின்ன வடிவத்தில் ஏற்றினான். அதுவே ஆயிரத்து நானூறு எம்பியைத் தின்றுவிட்டு உட்கார்ந்தது. அப்புறம் கழிக்க ஆரம்பித்தான். சன்னல், படம், சுட்டி எதுவும் வேண்டாம், கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் போதும். கூடவே இருந்தால் நல்லது என்று அது தானாகக் கூட்டிவரும் துணை நிரல்கள் வேண்டாம். விளக்கப் பக்கங்கள் வேண்டாம், நமக்குத் தெரியாததா. உலகத்து மொழிகளெல்லாம் உள்ளே இருந்தன, ஆங்கிலத்தைத் தவிர அத்தனையையும் அழித்தான். தமிழும் அதில் போயிற்று. ஒவ்வொன்றையும் அழித்துவிட்டு, மிச்ச இடம் எவ்வளவு என்று கேட்பான். எண் ஏறும்போது பசிகூடத் தெரியவில்லை. கடைசியில் முழு அமைப்பும் எண்ணூறு எம்பிக்குள் சுருண்டு படுத்துக்கொண்டது. ஆயிரத்து நூறு மீதி.

ஒருநாள் சத்தத்துக்குத் தொண்ணூறு எம்பி. பதினான்கு நாள் சத்தம் எப்போதும் கையில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டான். பதினான்கு நாளைக்கு ஆயிரத்து இருநூற்று அறுபது. நூற்று அறுபது இடிக்கிறது. இதற்கு மேல் கழிக்க அந்தப் பெட்டிக்குள் ஒன்றும் இல்லை. கோயிலில் மத்தியான மணி அடித்தபோதுதான் அந்த யோசனை வந்தது. ஞாயிற்றுக்கிழமை இந்த ஊரில் யார் கடலுக்குப் போகிறார்கள்? அப்பன் பாட்டன் காலத்திலிருந்தே சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் எல்லா வள்ளமும் கரையேறிவிடும். திங்கள் அதிகாலை மூன்று மணிக்குத்தான் அடுத்த வள்ளம் தண்ணீரைத் தொடும். மீறிப் போகிறவனுக்குக் கோயில் வாசலில் முட்டுப்போடத் தண்டனை உண்டு. அப்படியே ஏதாவது என்றாலும் ஞாயிறன்று வயர்லெஸ் பக்கத்தில் பவுல் இருக்கிறான்.

பவுல் இந்த ஊரில் பெண்ணெடுத்துத் தங்கிவிட்ட நாசரேத் ஊர்க்காரன், எஞ்சின் மெக்கானிக். அவன் புரொட்டஸ்டண்ட், வேதக்கோயில் வேறு என்பதால் ஊரே காலைப் பூசைக்குப் போயிருக்கும் நேரத்தில் அவனுக்கு வேலை கிடையாது. அவன் ஆராதனை சாயங்காலம்தான். ஆகவே ஞாயிறு பகல் முழுக்க வேதப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சங்கத்து அறையில் அவன்தான் காவல். யாரும் சொல்லி வைத்த ஏற்பாடல்ல, பல வருடமாக அப்படியே நடந்துவருகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தான். சனி மாலை ஆறு மணிக்கு நின்று திங்கள் காலை மூன்று மணிக்கு மறுபடி தொடங்கும்படி ஒரே ஒரு வரி. பன்னிரண்டு நாளுக்கு ஆயிரத்து எண்பது. இருபது எம்பி மிச்சம். மெல்வின் மேசையைத் தட்டிச் சிரித்தான். அந்தத் திரையைப் படம் பிடித்து இணையத்தில் இதற்கென்றே இருக்கும் ஒரு குழுவில் போட்டான். ஜெர்மனிக்காரன் ஒருவன் அழகான வேலை என்று எழுதினான். அதை மனைவி ஷீஜாவிடம் இரண்டு தடவை வாசித்துக்காட்டினான். பெட்டியைச் சங்கத்திடம் ஒப்படைத்தபோது பதினான்கு நாள் சத்தம் இதில் இருக்கும் என்று மட்டும் சொன்னான். ஞாயிறு நீங்கலாக என்று சொல்ல வாயெடுத்தான். ஆனால் மாலை போட்டு, மைக்கில் பேசச் சொல்லி, எல்லோரும் கைதட்டுகிற இடத்தில் அந்த இரண்டு சொல்லும் அசிங்கமாக இருக்கும்போல் தோன்றியது. யாருக்கு இது தேவை என்று விட்டுவிட்டான்.

சித்திரையில் ஒரு வியாழக்கிழமை பெட்டி தன்னை நிரூபித்தது. விசிறியில் வலை சுற்றி எஞ்சின் நின்றுபோன இரண்டு பேரின் கூப்பாட்டை, காவலுக்கு இருந்தவன் டீக்கடையிலிருந்து திரும்பிவந்து பச்சைப் பட்டனை அமுக்கிக் கேட்டான். வள்ளங்கள் பாய்ந்தன. இரண்டு பேரும் கரை சேர்ந்தார்கள். அதிலிருந்து ஊரில் பெட்டிக்கு ஏறிய மவுசு கொஞ்சநஞ்சமல்ல. யாரோ அதன் மேல் ஒரு மாதா படத்தை ஒட்டினார்கள். கடல் தெரியாத மெல்வினுக்கு வழியில் பார்க்கிறவர்கள் பீடி நீட்டினார்கள். அவன் புகைப்பதில்லை. ஆனாலும் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

ஆடி மாதம். கச்சான் காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்துப் பேய்த்தனமாக வீசிக்கொண்டிருந்தது. கஸ்பாரின் கூட்டாளிக்குக் காய்ச்சல். கடலில் விட்டிருந்த நண்டு வலையை ஞாயிறு முழுக்க அப்படியே போட்டுவைத்தால் திங்கட்கிழமை கந்தல்தான் மிஞ்சும். சனிக்கிழமை மத்தியானம் கஸ்பார் தனியாக வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போனான், பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவதாகச் சொல்லி. பொழுது சாய்ந்தது. அவன் வரவில்லை. காற்று பலத்தால் வேம்பாரில் தங்கச்சி வீட்டுப் பக்கம் ஒதுங்கிக்கொள்வது அவன் வழக்கம். அங்கே ஒதுங்கியிருப்பான் என்றார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் அவன் மனைவி பிலோமி ரோச்சிடம் ஓடினாள். ரோச் சங்கத்து அறையைத் திறந்து பச்சைப் பட்டனை அமுக்கினார். பெட்டி ஒன்றும் சொல்லவில்லை. "பாத்தியா, கூப்பாடே இல்ல. தங்கச்சி வீட்ல கறிச்சோறு தின்னுட்டு இருப்பான். நீ வீட்டுக்குப் போ ஏளா" என்று அனுப்பிவைத்தார். தங்கச்சியின் போன் கிடைத்து, அவன் அங்கே இல்லை என்று தெரிந்தபோது ஞாயிறு போய்விட்டிருந்தது.

அன்று மெல்வின் ஊரில் இல்லை. ஷீஜாவின் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்காக நாகர்கோவிலில் இருந்தான். திங்கள் மத்தியானம் பேருந்திலிருந்து இறங்கும்போதே செய்தி கேட்டான். பவுல் இருந்திருப்பானே என்று சொல்லிக்கொண்டு நேரே அவன் பட்டறைக்குப் போனான். பட்டறை பூட்டியிருந்தது. வள்ளங்களோடு அவனும் தேடப் போயிருக்கிறான் என்றார்கள். செவ்வாய்க்கிழமை கஸ்பாரின் வள்ளம் கிழக்கே வெகுதூரத்தில், எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில், ஆளில்லாமல் அகப்பட்டது. எண்ணெய்க் கேன் காலி. வலை முழுதும் வள்ளத்துக்குள் அடுக்காகக் கிடந்தது. வயர்லெஸ் செட்டைக் காணவில்லை.

புதன்கிழமை சங்கத்தில் கூட்டம். கஸ்பார் எட்டு வருடத்துக்கு முன்னால் கொழும்புக்குக் கள்ளத்தனமாகப் பீடி இலை மூட்டை ஏற்றிய ஒரு வள்ளத்தில் பிடிபட்டவன். அந்தப் பழைய கதையை ஒருவன் எடுத்துப் போட்டான். வள்ளம் நன்றாக இருக்கிறது, ஆளை மட்டும் காணவில்லை, அந்தப் பக்கத்துப் படகில் ஏறிப் போயிருப்பான் என்று இன்னொருவன் கணக்குச் சொன்னான். ஆபத்து என்றால் கூப்பிட்டிருக்க மாட்டானா? ரோச் மெல்வினைப் பார்த்தார். "மிஷின் என்னலே சொல்லுது?"

மெல்வின் பெட்டியைத் திறந்து பட்டியலைப் பார்த்தான். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஒரு கோப்பு முடிந்திருந்தது. அதற்கு அடுத்த கோப்பு திங்கட்கிழமை காலை மூன்று மணிக்குத் தொடங்கியது. நடுவில் ஒரு வெற்று வரிகூட இல்லை, இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. அறுபது எழுபது பேர் அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையில் பிலோமி தலையில் முக்காடிட்டு நின்றாள்.

"ஒண்ணும் பதியல அண்ணாச்சி" என்றான்.

ஒரு சொல்லும் பொய்யில்லை. வெளியே வந்து பார்த்தால் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

கோயிலின் தெற்குச் சுவரில் கடலில் போனவர்களின் பெயர்ப் பலகை ஒன்று உண்டு. கல்லறைத் திருநாளன்று சாமியார் அதிலுள்ள பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார். ஒவ்வொரு பெயருக்கும் அந்த வீட்டுக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். உடல் கிடைக்காதவர்களுக்கு இந்த ஊரில் கல்லறையும் அதுதான், அடக்கமும் அதுதான். புதிய பெயரைச் சங்கம் எழுதிக்கொடுக்க வேண்டும். பிலோமி கேட்டபோது சங்கம் மாட்டேன் என்றது. ஓடிப்போனவன் பெயரைச் செத்தவர்களோடு எழுதினால் செத்தவர்களுக்கு என்ன மரியாதை? குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். கல்லூரியில் அவள் மகள் ஸ்டெபியிடம், உன் அப்பா கொழும்பில் புதுக் குடித்தனம் வைத்திருக்கிறாராமே என்று ஒருத்தி கேட்டாளாம்.

ஆவணி நடுவில் மாலத்தீவுக்குச் சரக்கேற்றிப் போயிருந்த தோணி ஒன்று திரும்பியது. அதன் தண்டல், அதாவது தோணியை நடத்துகிறவர், ஊருக்கே வந்து சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி வாக்கில், துறைமுகத்தை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தபோது, வயர்லெஸ்ஸில் ஒரு குரல் கேட்டதாம். "பவுலு, பவுலு, இருக்கியா, கஸ்பார் பேசுதேன்னு கூப்புட்டான்யா. பேரச் சொல்லிக் கூப்புடுதான்லா, கரையில ஆளு இருப்பான், பதில் சொல்லுவான்னு நான் விட்டுட்டேன். நம்ம தோணி செட்டுல வேற மைக்கு வேலை செய்யல." சொல்லிவிட்டு அந்தப் பெரிய மனிதர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைப்போம். ஊர் அப்படி நினைக்கவில்லை. ஒரு மாதம் கழித்து வந்து சொல்கிற கதையை எப்படி நம்புவது? தோணிக்காரன் அன்றைக்கு என்ன நிலையில் இருந்தானோ. பிலோமியின் அண்ணனுக்கு அவன் ஏதோ முறை வேண்டுமாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கூப்பிட்டிருந்தால் மிஷினில் இருக்குமே. மனுசன் சொல்வது மாறும், மிஷின் சொல்வது மாறாது. டீக்கடையில் இதைச் சொன்னவன், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மெல்வினின் தொடையில் தட்டிவிட்டுச் சொன்னான். மெல்வின் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்து போனான்.

அந்த வாரமும் அதற்கடுத்த வாரமும் அவன் பூசையில் நன்மை, அதாவது சாமியார் கொடுக்கும் அப்பம், வாங்க எழுந்திருக்கவில்லை. ஷீஜா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மூன்றாவது ஞாயிறு, குசினியில் மீனைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, நன்மை வாங்காம இருக்க அளவுக்கு என்ன பாவம் பண்ணியிய?"

சொன்னான். சொல்லி முடிக்கும் வரை அவள் மீனை விட்டுக் கையெடுக்கவில்லை. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஒரு பென் டிரைவு மாட்டியிருந்தா முடிஞ்சிருக்கும்லா?" அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஜெர்மனிக்காரன் எழுதியதை இரண்டு தடவை வாசித்துக்காட்டியது அவளுக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். அவள் கழுவிய மீனையே மறுபடியும் கழுவினாள்.

அன்று சாயங்காலம் ரோச்சைத் தேடிப் போனான். அவர் கரையில் வள்ளத்தின் அடியில் ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தார். மெல்வின் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை பெட்டி காதைப் பொத்திக்கொண்டுதான் இருந்தது, முதல் நாளிலிருந்தே. பவுல் இருக்கிறானே என்று நினைத்தேன். பவுல் அன்றைக்கு ஏன் இல்லை என்றுதான் எனக்கு விளங்கவில்லை, அவனிடம் போய்க் கேட்க முகமும் இல்லை.

ரோச் கையிலிருந்த பசை தோய்ந்த தூரிகையைக் கீழே வைத்தார்.

"அவன நான்தான்லே வேண்டாம்னேன்" என்றார். "வைகாசில. அந்தப் பயலுவள மிஷின் காப்பாத்துச்சுல்லா, அதுக்கப்புறம். ஞாயித்துக்கிழமையும் கரண்ட்டு, ஃபேனு, ஒரு ஆளு எதுக்கு, அதான் மிஷின் இருக்கேன்னேன். முகத்த ஒரு மாதிரி வச்சிக்கிட்டுப் போனான். இப்ப ஞாயித்துக்கிழமையானா நாசரேத்துக்குப் போயிருதான்."

இரண்டு பேரும் கடலைப் பார்த்து நின்றார்கள். கஸ்பாருக்கு இது தெரியாது. ஊரே பூசையில் இருக்கிற நேரம், வழக்கமான ஆள் வழக்கமான இடத்தில் இருப்பான் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான். அவன் கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

"கூட்டத்துல சொல்லிருவோம் அண்ணாச்சி."

"சொன்னா? கஸ்பார் வந்துருவானா?"

"பலகையில பேராவது வரும்லா."

"அவன் பேரு வரும். அதுக்குக் கீழ நம்ம ரெண்டு பேரு பேரும் வரும். எழுத மாட்டாவ, ஆனா வருசா வருசம் வாசிப்பாவ." அவர் அழுதுவிடுவாரோ என்று மெல்வினுக்குப் பயமாக இருந்தது. அவர் அழவில்லை, கோபப்பட்டார். "எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைய இருக்குலே. ஞாயித்துக்கிழமை ஆள் அனுப்பியிருந்தா ஆளோட கொண்டாந்திருக்கலாம். வீட்டுக்குப் போன்னு அனுப்புனது நான். போயி, மொதல்ல அந்த ஞாயித்துக்கிழமையச் சரிபண்ணு. வாயத் தொறக்காத."

போய்ச் சரிபண்ணினான். பதினான்கு என்று இருந்த இடத்தில் பன்னிரண்டு என்று போட்டான். ஞாயிற்றை நிறுத்தும் வரியை அழித்தான். இடம் சரியாக இருந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பதினான்கு நாள் வேண்டும் என்று ரோச் கேட்கவில்லை, சங்கம் கேட்கவில்லை, அரசாங்கம் கேட்கவில்லை. இரண்டு வாரம் என்றால் கேட்க முழுசாக இருக்கிறது என்று அவனாக வைத்த எண் அது. அவனுக்குத் தன் கையையே வெட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. சும்மா சொல்லவில்லை, அன்று அப்படித்தான் இருந்தது.

புரட்டாசி போய் ஐப்பசி வந்தது. கல்லறைத் திருநாளுக்கு இன்னும் ஒரே வாரம். தெற்குச் சுவரின் பலகையைக் கழற்றிப் புது வர்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். ஞாயிறு காலை, பூசைக்கு இரண்டாம் மணி அடித்தபோது ஷீஜா மகளோடு கிளம்பிவிட்டாள். மெல்வின் கோயில் வாசல்வரை போய், செருப்பைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டு சங்கத்து அறைக்கு நடந்தான்.

கதவு திறந்திருந்தது. பிலோமி வயர்லெஸ் செட்டுக்கு முன்னால், பவுலின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தண்டல் வந்து சொன்ன நாளிலிருந்து ஞாயிறு தவறாமல் வருகிறாள், ரோச்சும் தடுப்பதில்லை என்று அவன் கேள்விப்பட்டிருந்தான். கண்ணால் பார்ப்பது இதுதான் முதல் தடவை. மடியில் ஜெபமாலை இருந்தது, உருட்டவில்லை. செட்டு ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது. அதை அவள் பேசுகிற ஒருவரைக் கேட்பதுபோலத் தலைசாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பூசைக்குப் போகல மயினி?"

"போயி?" என்றாள். பிறகு பெட்டியைக் காட்டினாள். "இது இப்பக் கேக்குதா தம்பி?"

"கேக்குது."

"அன்னைக்குக் கேக்காதது இன்னைக்கு மட்டும் கேக்குதாக்கும்."

அவள் குத்திச் சொல்லவில்லை. தன் புருசனைத் தவிர உலகத்தில் யார்மேலும் அவளுக்கு அப்போது கோபம் இல்லை. அவன் ஏன் ஒரு தடவை கூப்பிடாமல் போனான் என்கிற கோபம் அது. தண்டல் சொன்னதை நம்பவும் முடியாமல் விடவும் முடியாமல் இரண்டு மாதம் கிடந்திருக்கிறாள் என்பது அந்த முகத்தில் எழுதியிருந்தது. மெல்வின் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

"அன்னைக்கு இது ஓடல மயினி."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை ஓடாதபடி நான்தான் வச்சிருந்தேன். எடம் பத்தலன்னு. யாரும் கடலுக்குப் போவமாட்டாவன்னு. பவுல் இருப்பான்னு. கூட்டத்துல கேட்டப்ப ஒண்ணும் பதியலன்னு மட்டும் சொன்னேன். இத சொல்லல."

அடிப்பாள் என்று நினைத்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான். கோயிலில் பாட்டு தொடங்கியது, ஊர் முழுக்க ஒலிபெருக்கியில் கேட்டது. பிலோமி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாளா என்று பார்த்தால், முகத்தில் மூன்று மாதமாக இல்லாத ஒரு தெளிவு வந்திருந்தது.

"அப்ப அவிய கூப்புட்டிருக்காவ" என்றாள். "தண்டல் சொன்னது நெசம். எங்கள விட்டுட்டு எங்கயும் போவல. கூப்புட்டிருக்காவ."

"ஆமா மயினி."

அவள் கொஞ்ச நேரம் செட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தெளிவு முகத்திலிருந்து மெல்ல இறங்கிப் போனதை மெல்வின் பார்த்தான்.

"எத்தன தடவ கூப்புட்டிருப்பாவ?"

கஸ்பார் கொண்டுபோன செட்டின் பேட்டரி நிறையச் சார்ஜ் இருந்தால் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வரும் என்பது அவனுக்குத் தெரியும். அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

"நான்தான் சார்ஜ் போட்டுக் குடுத்தேன். நெறையப் போட்டுக் குடுத்தேன்" என்றாள் பிலோமி.

பிறகு எழுந்து செட்டின் பக்கவாட்டிலிருந்து மைக்கை எடுத்தாள். இந்தப் பக்கம் பேசுவதும் பதியவேண்டும் என்று மைக் வயரிலிருந்து ஒரு கிளையை இழுத்துப் பெட்டிக்குள் சொருகியவன் மெல்வின்தான். அது அவளுக்கும் தெரியும். காவலுக்கு வந்து உட்கார்கிற எல்லோருக்கும் தெரியும். திங்கள் காலை மூன்று மணிக்கு வருகிறவன் செய்கிற முதல் வேலை பச்சைப் பட்டனை அமுக்குவதுதான். வள்ளம் தள்ள வந்தவர்களெல்லாம் அந்த நேரம் வாசலில்தான் நிற்பார்கள்.

"இப்பச் சொன்னத இதுல சொல்லு" என்றாள். "மிஷின் சொன்னாத்தான நம்புவாவ."

கையை நீட்டினாள். மைக்கின் விசையை அவள் கட்டைவிரல் ஏற்கெனவே அழுத்தியிருந்தது. செட்டில் சிவப்பு விளக்கு எரிந்தது, இரைச்சல் நின்றுபோயிற்று. கடலில் ஒரு வள்ளமும் இல்லை. கறுப்புத் திரையின் மூலையில் விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன, அவற்றுக்குப் பக்கத்தில் மிச்சமிருக்கும் இடம் எம்பிக் கணக்கில் தெரிந்தது. மெல்வின் பழக்கத்தால் அதைத்தான் முதலில் பார்த்தான். இடம் இருந்தது. மைக்கின் சுருள் வயர் இரண்டு பேருக்கும் நடுவில் ஆடிக்கொண்டிருந்தது, அழுத்திய விரலின் நகம் வெளுத்துப்போயும் அவள் விசையை விடவில்லை.